மைக்காவுக்கு உள்ளே என்ன இருக்கிறது?

வீடு மாறிய ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். நான்கு வருடம்கூட ஆகாத வார்ட்ரோப். வண்டியிலிருந்து இறக்கும்போதே கதவு கையோடு வந்துவிட்டதாம். போய்ப் பார்த்தேன். கீல் நன்றாகத்தான் இருந்தது, ஸ்குரூவில் துரு இல்லை. அது கவ்வியிருந்த பக்கப் பலகைதான் விரலால் நோண்டினாலே தூளாகக் கொட்டியது. மேலே தேக்கு நிற மைக்கா, உள்ளே பார்ட்டிகிள் போர்டு. பில்லில் 'தேக்கு ஃபினிஷ்' என்று போட்டிருந்தது. அந்த ஃபினிஷ் என்ற சொல்லைத்தான் யாரும் படிப்பதில்லை.

மரத்துகளில் பசை கலந்து அழுத்திய பலகை அது. ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ள நீள நார் கிடையாது. கழற்றி மாட்டினால் தளர்ந்துவிடும். ஈரம் பட்டால் ஓரம் உப்பும், காய்ந்தாலும் பழையபடி ஆகாது. ஈரமும் இடமாற்றமும் இல்லாத இடத்துக்குத் தாராளமாகப் போடலாம். வாங்கும்போது அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஓரப்பட்டை ஒட்டாமல் விடுவது பெரும்பாலும் அங்கேதான்; வீடு துடைக்கும் தண்ணீர் முதலில் ஏறுவதும் அங்கேதான்.

சமையலறைக்குப் பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையைத் தேடுங்கள். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் தாங்க வேண்டும். ஐ.எஸ். 303-இல் எம்.ஆர். என்று இருந்தால் காற்றின் ஈரத்தைத் தாங்கும், அவ்வளவுதான்.

சரி, முழுக்க மரத்தில் செய்தால் கவலை இல்லையா? தொழிலுக்கு வந்த புதிதில் மூன்றடி அகல டைனிங் டேபிள் ஒன்று செய்தேன். தேக்குப் பலகையை அடிச்சட்டத்தோடு இறுக்கி ஸ்குரூ போட்டுவிட்டேன். சித்திரை வெயிலில் நடுவே பிளந்தது. மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். பழைய வீட்டுக் கதவுகளில் நடுப்பலகை சட்டத்தின் காடிக்குள் சும்மா செருகியிருக்கும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. அது புரிய எனக்கு ஒரு டேபிள் செலவானது. இப்போதெல்லாம் சட்டத்தில் ஸ்குரூ துளையை அகலவாக்கில் நீட்டி வெட்டுகிறேன்.

அப்புறம், தேக்கிலும் வைரம் பாயாத வெளிறிய பகுதி உண்டு. கரையானுக்கு அது விருந்து. ஸ்டெயின் பூசிவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். பாலிஷ் போடுவதற்கு முன்னால் பட்டறைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவையுங்கள். முகம் சுளிக்கிற ஆசாரியிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

அந்த வார்ட்ரோப்புக்குப் பக்கப் பலகைகளை மட்டும் பிளைவுட்டில் மாற்றிக் கொடுத்தேன். கீல் பழையதுதான்.