ஸ்னாப்ஷாட் எடுப்பது சுலபம், அழிப்பதுதான் சிரமம்: விஎம் பேக்கப் எப்படி நடக்கிறது?

ஒரு விர்ச்சுவல் மெஷினை (விஎம், அதாவது ஒரு சர்வருக்குள் மென்பொருளால் உருவான கணினி) வெளியிலிருந்து பார்த்தால் அது நாலைந்து கோப்புகள்தான். விஎம்வேரில் அதன் வன்தட்டு ஒரு விஎம்டிகே கோப்பு, மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் விஹெச்டிஎக்ஸ் கோப்பு. கோப்புதானே, காப்பி செய்துவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். அணைத்து வைத்த விஎம்முக்கு அது போதும். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மில் அது பலிக்காது. 500 ஜிபி கோப்பை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் படித்தால் 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் உள்ளே இருக்கும் டேட்டாபேஸ் ஆயிரம் இடங்களில் எழுதியிருக்கும். கையில் கிடைக்கும் நகலின் தலைப்பகுதி 1 மணி நிலவரம், வால்பகுதி 1.40 நிலவரம். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது.

அதனால் வீம், காம்வால்ட், நெட்பேக்கப் என்று எந்த மென்பொருளானாலும் முதலில் ஹைப்பர்வைசரிடம் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்) ஒரு ஸ்னாப்ஷாட் கேட்கும். ஸ்னாப்ஷாட் என்றால் நகல் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அப்போது ஒரு பைட்டும் நகலாவதில்லை. விஎம்வேரில் 'டிபி01.விஎம்டிகே' என்ற மூலக் கோப்பை அப்படியே நிறுத்திவிட்டு, பக்கத்தில் 'டிபி01-000001.விஎம்டிகே' என்று ஒரு காலியான டெல்டா கோப்பு திறக்கப்படும். அந்த நொடியிலிருந்து எழுதுவதெல்லாம் டெல்டாவுக்குப் போகும். படிக்கும்போது டெல்டாவில் இருந்தால் அங்கிருந்து, இல்லாவிட்டால் மூலத்திலிருந்து. மூலக் கோப்பு இனி அசையாது என்பதால் பேக்கப் மென்பொருள் அதை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். மூலம் போய்விட்டால் டெல்டாவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஸ்னாப்ஷாட்டையே பேக்கப் என்று வைத்துக்கொண்டு தூங்கப் போகக் கூடாது.

அப்படி நிறுத்திய வட்டு எந்த நிலையில் இருக்கும்? திடீரென்று மின்சாரம் போன கணினியின் வட்டு எப்படி இருக்குமோ அப்படி. பேக்கப்புக்கான ஸ்னாப்ஷாட்டில் பொதுவாக நினைவகம் சேராது. ரேமில் இருந்து இன்னும் வட்டுக்கு வராதவை போனது போனதுதான். இதை 'க்ராஷ் கன்சிஸ்டன்ட்' என்பார்கள். என்டிஎஃப்எஸ், எக்ஸ்டி4 போன்ற கோப்பு அமைப்புகள் ஜர்னல் (மாற்றங்களின் குறிப்பேடு) வைத்திருப்பதால் பெரும்பாலும் எழுந்துவிடும். ஒழுங்காக எழுதப்பட்ட டேட்டாபேஸும் தன் லாக் என்ற மாற்றப் பதிவைப் படித்து மீண்டுவிடும். ஆனால் 'பெரும்பாலும்' என்ற சொல்லை நம்பி சம்பளக் கணக்கை ஒப்படைக்க யாரும் விரும்புவதில்லை.

விண்டோஸில் இதற்கென்றே விஎஸ்எஸ் என்ற சேவை எக்ஸ்பி, சர்வர் 2003 காலத்திலிருந்து இருக்கிறது. பேக்கப் மென்பொருள் கேட்டதும் எஸ்க்யூஎல் சர்வர், எக்ஸ்சேஞ்ச், ஆக்டிவ் டைரக்டரி ஒவ்வொன்றுக்கும் உரிய 'ரைட்டர்' தன் பயன்பாட்டை ஒழுங்கான நிலைக்குக் கொண்டுவந்து மூச்சைப் பிடித்துக்கொள்ளும். பொதுவாக 60 நொடிவரைதான் பிடித்திருக்கும், எக்ஸ்சேஞ்ச் 20 நொடியில் விட்டுவிடும். அதற்குள்ளேயே வட்டில் எழுதுவதை முழுசாக நிறுத்திவைக்கும் கடைசிக் கட்டத்துக்குக் கிடைப்பது 10 நொடிதான். ஸ்டோரேஜ் மந்தமாக இருந்தாலோ, ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான டேட்டாபேஸ் இருந்தாலோ, அதே நேரத்தில் இன்னொரு பேக்கப் ஓடினாலோ இந்தக் கெடு தவறிப்போகும். பேக்கப் வேலை (ஜாப்) தோற்றால் முதலில் அந்த விஎம்முக்குள் போய் 'விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்' என்று கேளுங்கள். எந்த ரைட்டர் தோற்ற நிலையில் நிற்கிறதோ அதற்குரிய சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்தால் பல நேரம் போதும், சர்வரையே ரீபூட் செய்ய வேண்டியதில்லை.

லினக்ஸில் விஎஸ்எஸ் போல ஒன்று இல்லை. கோப்பு அமைப்பை உறையவைக்க முடியும். பயன்பாட்டை நாம்தான் ஸ்கிரிப்ட் எழுதி நிறுத்த வேண்டும், ஸ்னாப்ஷாட்டுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. மைஎஸ்க்யூஎல்லில் அடிக்கடி நடக்கும் தவறு: முன் ஸ்கிரிப்ட் டேபிள்களைப் பூட்டும் கட்டளையை ஓட்டிவிட்டு வெளியே வந்துவிடும். அந்தப் பூட்டு செஷன் இருக்கும்வரைதான் நிற்கும். ஸ்கிரிப்ட் முடிந்த மறுகணமே பூட்டு திறந்துவிடும், ஸ்னாப்ஷாட் அதற்கப்புறம் வரும். ஜாப் பச்சையாகத்தான் காட்டும். பூட்டிய செஷனைப் பின்னணியில் உயிரோடு வைத்திருந்து, பின் ஸ்கிரிப்ட் வந்து அதை முடிக்கும்படி எழுத வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) தனியாக லாக் பேக்கப் எடுக்கிறார், விஎம் பேக்கப் மென்பொருளும் லாக்கை வெட்டுகிறது என்றால் லாக் சங்கிலி இரண்டு இடத்தில் துண்டுதுண்டாகக் கிடக்கும். குறிப்பிட்ட நிமிடத்துக்குத் திரும்ப வேண்டிய நாளில் இரண்டு பேரிடமும் முழுச் சங்கிலி இருக்காது. ஒருவர் கையில் மட்டும் லாக் இருக்கட்டும். மற்றவர் லாக்கை வெட்டாத 'காப்பி ஒன்லி' முறையில் எடுக்கட்டும்.

கடனைத் திருப்பிக் கட்டும் நேரம்

இதுவரை சொன்னது நேரத்தை நிறுத்திய கதை. சிக்கல் தொடங்குவது அதைத் திரும்ப ஓட விடும்போது. பேக்கப் 2 மணி நேரம் ஓடுகிறது, அந்த விஎம் நொடிக்கு 20 எம்பி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே பிளாக்கை (வட்டின் சிறு துண்டு) திரும்பத் திரும்ப எழுதாவிட்டால் டெல்டா 144 ஜிபி வரை வளரும். ஸ்னாப்ஷாட்டை 'அழி' என்றால் உண்மையில் அந்த 144 ஜிபியை மூலக் கோப்பில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுவும் விஎம் எழுதிக்கொண்டே இருக்கும்போது. இதுதான் கன்சாலிடேஷன். பழைய விஎம்வேர் பதிப்புகள் சேர்க்கும் நேரத்தில் வரும் புதிய எழுத்துகளுக்கு இன்னொரு தற்காலிக டெல்டா திறந்து, அதையும் சேர்த்து, மிச்சம் சிறிதானதும் விஎம்மை ஒரு கணம் உறையவைத்துக் கடைசித் துண்டை ஒட்டின. சேர்க்கும் வேகத்தைவிட எழுதும் வேகம் அதிகமாக இருந்தால் அந்த உறைவு நீண்டுகொண்டே போகும். 2015-ல் வந்த விஎம்வேரின் விஸ்பியர் 6 முதல் புதிய எழுத்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போவதால் இந்த ஓட்டப்பந்தயம் அடங்கியது. ஆனாலும் உறைவு முழுக்க மறையவில்லை. பொதுவாக அது ஒரு நொடிக்குள் முடியும். க்ளஸ்டர் (ஒன்றாக வேலை செய்யும் சர்வர் குழு) நோடுகளுக்கு இடையே இதயத்துடிப்பு பார்த்துக்கொண்டிருக்கும் பயன்பாடுகளுக்குச் சில நொடி நீண்டாலே போதும், அடுத்த நோடு 'இவர் செத்துவிட்டார்' என்று முடிவெடுத்துவிடும்.

டேட்டாஸ்டோர் (விஎம் கோப்புகள் இருக்கும் பொது ஸ்டோரேஜ்) நிரம்பிவிட்டால் இன்னும் மோசம். எழுத இடமில்லாத விஎம் அப்படியே நின்றுவிடும், அந்த ஒரு விஎம் மட்டுமல்ல, அதே டேட்டாஸ்டோரில் இடம் கேட்கும் மற்றவையும். அதனால்தான் அங்கே எப்போதும் 10 முதல் 20 சதவீதம் காலியாக வைக்கிறார்கள். ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதே என்று விஎம்வேர் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மும் அதன்மேல் நிற்கும் ப்ராக்ஸ்மாக்ஸும் வேறு வழியில் போகின்றன. அங்கே டெல்டா கோப்பு இல்லை. விஎம் ஒரு பிளாக்கில் எழுத வரும்போது, அந்தப் பிளாக் இன்னும் பேக்கப் ஆகவில்லையென்றால், பழைய உள்ளடக்கம் முதலில் பேக்கப்புக்குப் போகும், அப்புறம்தான் புதியது எழுதப்படும். கடைசியில் சேர்க்க வேண்டிய கடன் எதுவும் இல்லை. ஆனால் கடன் ஓடும்போதே வசூலாகிறது. பேக்கப் சர்வரோ நெட்வொர்க்கோ மந்தமானால் விஎம்மின் எழுத்தும் அந்த வேகத்துக்கு இறங்கிவிடும். இதற்காகவே 2024-ல் ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2 பழைய பிளாக்குகளை உள்ளூர் வேகமான வட்டில் ஒதுக்கிவைக்கும் 'ஃப்ளீசிங்' வசதியைக் கொண்டுவந்தது. பேக்கப் ஓடும்போது விஎம் இழுக்கிறதா, முடியும்போது இழுக்கிறதா என்று கேட்டால் எந்த முறை ஓடுகிறது என்று பாதி ஊகித்துவிடலாம்.

மாறியது எது?

தினமும் 2 டிபியை முழுசாகப் படிக்க முடியாது. 1 ஜிபிபிஎஸ் நெட்வொர்க்கில் கோட்பாட்டு வேகத்திலேயே அதற்கு நாலரை மணி நேரம் ஆகும். எந்தப் பிளாக் மாறியது என்று ஹைப்பர்வைசருக்குத்தான் தெரியும், எழுத்தெல்லாம் அதன் வழியாகத்தான் போகிறது. 2009-ல் விஸ்பியர் 4-உடன் வந்த சிபிடி (மாறிய பிளாக் கண்காணிப்பு), வட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன 'சிடிகே' கோப்பில் அந்தக் கணக்கை எழுதுகிறது. 'போன தடவைக்கு அப்புறம் எவை மாறின?' என்று பேக்கப் மென்பொருள் கேட்க, பட்டியல் வரும், அவை மட்டும் படிக்கப்படும். விண்டோஸ் சர்வர் 2016 முதல் ஹைப்பர்-வியில் ஆர்சிடி இதே வேலையைச் செய்கிறது.

இந்தக் கணக்கு பிளாக்கைத்தான் பார்க்கும், கோப்பைப் பார்க்காது. விஎம்முக்குள் யாராவது டீஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கருவி) ஓட்டினால் கோப்புகள் ஒன்றுகூட மாறாவிட்டாலும் பிளாக்குகள் எல்லாம் இடம் மாறும், அன்றைய இன்கிரிமென்டல் (மாறியதை மட்டும் எடுக்கும் பேக்கப்) வீங்கிவிடும். சிதறிய 4 கேபி மாற்றம் ஒவ்வொன்றும் 1 எம்பி பிளாக்காக எடுக்கப்பட்டால் 256 மடங்கு சுமை. திடீரென்று ஒரு விஎம்மின் இன்கிரிமென்டல் பத்து மடங்கானால் காரணம் தேடாமல் விடாதீர்கள். டீஃப்ராக், டேட்டாபேஸ் இன்டெக்ஸ் மறுகட்டுமானம், புதிதாகப் போட்ட என்க்ரிப்ஷன், அல்லது ரான்சம்வேர்.

கணக்கே தவறினால்? 2014-ல் தெரியவந்த ஒரு விஎம்வேர் பிழையில், சிபிடி இயங்கும் வட்டை 128 ஜிபி எல்லையைத் தாண்டிப் பெரிதாக்கினால் மாறிய பிளாக்குகளின் பட்டியல் தவறாக வந்தது. ஜாப்கள் வெற்றி என்றே காட்டின, நகலில் மட்டும் ஓட்டை. திருத்தம் வந்துவிட்டது, பாடம் பழையதாகவில்லை. வட்டைப் பெரிதாக்கிய பின் ஒரு ஃபுல் பேக்கப் எடுத்துவிடுவது நல்லது.

படிக்கும் வழிகள் மூன்று. ப்ராக்ஸி சர்வர் (பேக்கப்புக்காக வட்டைப் படிக்கும் இடைச் சர்வர்) ஸ்டோரேஜோடு நேராக இணைந்து படிக்கலாம், ப்ராக்ஸியே ஒரு விஎம்மாக இருந்து அந்த வட்டைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும் ஹாட்ஆட் வழியில் படிக்கலாம், இல்லையென்றால் ஹோஸ்டின் நெட்வொர்க் வழியாக. மூன்றாவது எங்கும் வேலை செய்யும். ஹாட்ஆடில் ஜாப் நடுவில் செத்தால் ஒட்டிய வட்டு கழன்று வராமல் ப்ராக்ஸியிலேயே நிற்கும், கோப்பு பூட்டியிருப்பதால் கன்சாலிடேஷன் தோற்கும். ஸ்னாப்ஷாட் மேனேஜரில் ஒன்றும் தெரியாது. ஆனால் விஎம்மின் அமைப்பில் வட்டின் கோப்புப் பெயரைப் பார்த்தால் '-000001' என்ற வால் இருக்கும். அப்போது ப்ராக்ஸியின் அமைப்பைத் திறந்து, தனக்குச் சொந்தமில்லாத வட்டைக் கழற்ற வேண்டும். கழற்ற மட்டும்தான். அங்கே 'டிஸ்கிலிருந்து அழி' என்ற தேர்வும் பக்கத்திலேயே இருக்கும், அதை டிக் செய்தால் மூல வட்டே போகும். அதன்பின் கன்சாலிடேட் கொடுத்தால் சேர்ந்துவிடும். நேரடி ஸ்டோரேஜ் வழியில் விண்டோஸ் ப்ராக்ஸி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பள்ளம்: டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்ததும் 'இந்த வட்டை இனிஷியலைஸ் செய்யட்டுமா?' என்று கேட்கும். அந்த வட்டு முழு டேட்டாஸ்டோர். ஓகே தட்டினால் அதில் இருக்கும் விஎம்கள் எல்லாம் ஆபத்தில்.

ஸ்னாப்ஷாட்டுக்கே வராத வட்டுகளும் உண்டு. பிசிக்கல் மோடு ஆர்டிஎம் (ஸ்டோரேஜ் வட்டை நேராக விஎம்மிடம் கொடுப்பது), 'இன்டிபென்டன்ட்' என்று குறித்த வட்டு, விஎம்முக்குள்ளிருந்தே ஐஸ்கஸி (நெட்வொர்க்கில் வட்டை இணைக்கும் முறை) வழியாக இணைத்தது. இவற்றுக்கு விஎம்முக்கு உள்ளே பேக்கப் ஏஜென்ட் மென்பொருள் போடுவதுதான் வழி. ஜாப் லாகில் ஒரு மஞ்சள் வரியாகத்தான் இது வரும், படிப்பவர் குறைவு.

எடுத்ததை வைத்திருப்பதும் திரும்ப எடுப்பதும்

ஒரு ஃபுல், அதன்மேல் முப்பது இன்கிரிமென்டல் என்றால் நடுவில் ஒன்று கெட்டாலும் அதற்குப் பின்னால் வந்தவை எதற்கும் உதவாது. இதைத் தவிர்க்க, இருக்கும் துண்டுகளை வைத்தே ரெப்போசிட்டரியில் (பேக்கப் சேமிப்பிடம்) புதிய ஃபுல் கட்டுகிறார்கள். எக்ஸ்எஃப்எஸ், ரெஃப்எஸ் கோப்பு அமைப்புகள் இரண்டும் பிளாக்கை நகலெடுக்காமல் சுட்டிக்காட்ட மட்டும் செய்வதால் அது வேகமாக முடியும், இடமும் அதிகம் போகாது. ஆனால் நாலு ஃபுல் இருக்கிறது என்று கணக்குப் போடக் கூடாது. நாலும் ஒரே பிளாக்கைக் காட்டுகின்றன, அந்த ஒன்று கெட்டால் நாலும் கெட்டவைதான். உண்மையான இரண்டாவது நகல் வேறு வட்டில், வேறு இடத்தில் இருக்க வேண்டும். அதில் ஒன்றையாவது நிர்வாகி கணக்கு இருந்தாலும் அழிக்க முடியாதபடி காலக்கெடு போட்டுப் பூட்ட வேண்டும். அமேசானின் எஸ்3 ஆப்ஜெக்ட் லாக்கில் கம்ப்ளையன்ஸ் மோடு அப்படிப்பட்டது, கவர்னன்ஸ் மோடை உரிமை உள்ளவர் திறந்துவிடலாம். பேக்கப் சர்வரை அலுவலக டொமைனில் சேர்க்காமல் இருப்பது செலவில்லாத பாதுகாப்பு. டொமைன் அட்மின் கடவுச்சொல் திருடு போகும் நாளில்தான் அதன் அருமை தெரியும். பேக்கப் என்க்ரிப்ஷனின் கடவுச்சொல்லை ஒரு விஎம்முக்குள் இருக்கும் பாஸ்வேர்ட் மேனேஜரில் மட்டும் வைத்திருப்பவர்கள், அந்த விஎம்மே போய்விட்டால் எதை வைத்துத் திறப்பார்கள்?

ரீஸ்டோரில் வரிசை முக்கியம். டிஎன்எஸ்ஸும் (பெயரை முகவரியாக்குவது) டொமைன் கன்ட்ரோலரும் (லாகினைச் சரிபார்ப்பது) முதலில் எழ வேண்டும், மற்றவை அவற்றைத் தேடும். விஎம்வேரின் நிர்வாக மையமான விசென்டரே ஒரு விஎம் என்பதால் அது போயிருந்தால் பேக்கப் மென்பொருளில் விஎம்கள் ஓடும் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டை நேராக ஐபி முகவரியால் சேர்த்து அங்கே ரீஸ்டோர் செய்ய வேண்டும். டொமைன் கன்ட்ரோலர்கள் பல இருக்கும்போது ஒன்றைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால் மற்றவற்றோடு எண்ணிக்கை முரண்பட்டு ரெப்ளிகேஷன் கெடும். விண்டோஸ் சர்வர் 2012 முதல் ஹைப்பர்வைசர் தரும் ஒரு அடையாள எண்ணை வைத்து, தான் பின்னால் இழுக்கப்பட்டதை டொமைன் கன்ட்ரோலர் உணர்ந்துகொள்கிறது.

2 டிபி விஎம்மைத் திரும்ப எழுதி முடிக்கும்வரை காத்திருக்க முடியாவிட்டால் இன்ஸ்டன்ட் ரெக்கவரி இருக்கிறது. பேக்கப் கோப்பையே என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி கோப்புப் பகிர்வு) டேட்டாஸ்டோராக ஹோஸ்டுக்குக் காட்டி, விஎம்மை அங்கிருந்தே சில நிமிடத்தில் கிளப்பிவிடும். படிப்பது சுருக்கி, டீடூப் செய்த (திரும்ப வரும் துண்டுகளை நீக்கிய) கோப்பிலிருந்து என்பதால் டேட்டாபேஸ் தவழும். அந்த நேரத்தில் எழுதப்படுவது பேக்கப் கோப்புக்குள் போகாது, தனியே ஒரு தற்காலிக இடத்தில் சேரும். உற்பத்தி ஸ்டோரேஜுக்கு மாற்றும் வேலையை அன்றைக்கே தொடங்குங்கள். மூன்று நாள் அப்படியே ஓட விட்டு, 'எல்லாம் சரியாகிவிட்டதே' என்று யாராவது அந்த ரெக்கவரி செஷனை நிறுத்தினால், விஎம் மறைந்துவிடும், அந்த மூன்று நாள் எழுத்தும் கூடவே போகும்.