எது நின்றால் எதுவெல்லாம் நிற்கும்?

புதிதாக நெட்வொர்க் போடுகிற சிறிய மருத்துவமனையோ அலுவலகமோ, என்னிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை எம்பிபிஎஸ் (Mbps, இணைய வேகத்தின் அளவு) லைன் எடுக்கலாம்?" என்றுதான். ஒரு மணி நேரம் நெட்வொர்க் நின்றால் உங்களுக்கு எது தாங்காது என்று நான் திருப்பிக் கேட்பேன். பில்லிங் என்பார்கள், லேப் ரிப்போர்ட் என்பார்கள். வரவேற்பறை டிவி என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பதிலை வைத்துத்தான் நெட்வொர்க்கின் வரைபடத்தையே தொடங்க முடியும்.

இணையத்துக்கும் இப்படியொரு முன்னுரிமை வரிசை இருந்தது. அதன் வடிவமைப்பில் முக்கியப் பங்கு வகித்த டேவிட் கிளார்க் 1988-இல் அதை எழுதி வைத்தார். பலவகை நெட்வொர்க்குகளை இணைப்பது அடிப்படை நோக்கம். அதற்கடுத்து, நடுவில் ஏதாவது செயலிழந்தாலும் தொடர்பு அறாமல் இருக்க வேண்டும். யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்ற கணக்குக்குக் கடைசி இடம். ராணுவத் தேவைக்காக வந்த வரிசை அது. வணிகத்துக்காகக் கட்டியிருந்தால் கணக்கு மேலே ஏறியிருக்கும் என்கிறார் அவர்.

ஆனால் நம் ஊரில் பில்லிங் கணினி, சிசிடிவி, வருகிறவர்களுக்கான வைஃபை எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் கிடக்கும். ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் எடுக்கிறது என்று வையுங்கள். 32 கேமராவுக்கு 128. பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் (கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) வழியாக அது போகாது. அதே வழியில் போகிற பில்லிங்கும் சேர்ந்து திணறும். பாதுகாப்பு இன்னும் மோசம். 2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் திருடுபோயின. திருடர்கள் உள்ளே வந்தது குளிரூட்டும் வேலை செய்த ஒப்பந்ததாரரின் லாகின் வழியாக. அங்கிருந்து பில்லிங் இயந்திரம் வரை அவர்களால் போக முடிந்தது. விலான் (VLAN, ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாக்கும் முறை) போட்டுப் பிரித்தால் மட்டும் போதாது, எது எங்கே போகலாம் என்று தடுக்கும் ஃபயர்வால் விதியும் நடுவில் வேண்டும். விதி இல்லாத விலானை நிறைய இடங்களில் பார்க்கிறேன்.

அப்புறம், இரண்டாவது லைன். இரண்டு நிறுவனங்களிடம் வாங்கியிருப்பார்கள். இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் வரும். லாரி இடித்தால் இரண்டும் போச்சு. வாங்குமுன் கேபிள் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள்.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். கேட்6 (Cat6, நெட்வொர்க் கேபிளில் ஒரு தரம்) என்று அச்சடித்து, அலுமினியக் கம்பிக்குத் தாமிரம் பூசி விற்கிறார்கள். அதே கம்பியில் கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பும்போது அது சூடாகும், மின்னழுத்தமும் குறையும். நுனியைச் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரியும். அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள். நல்ல கேபிளுக்கும் 100 மீட்டர்தான் எல்லை, அதைத் தாண்டினால் ஃபைபர்.

வேகத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, பிறகு கூட்டிக்கொள்ளலாம். கடைசித் தவணைப் பணம் கொடுக்குமுன் வரைபடம், அட்மின் பாஸ்வேர்டு, ஸ்விட்ச் கான்ஃபிக் (அமைப்பு விவரங்கள்) நகல் மூன்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.