‘சுயிசோ’ என்றால் எந்த ஹைட்ரஜன்?

ஜப்பானிய மொழியில் ஹைட்ரஜனின் பெயர் ‘சுயிசோ’. ‘சுயி’ என்றால் நீர், ‘சோ’ என்றால் மூலப்பொருள். இதையும் ஆக்சிஜனுக்கான ‘சான்சோ’ என்ற பெயரையும் உருவாக்கியவர், டச்சு நூல்கள் வழியாக ஐரோப்பிய வேதியியலைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்த உதகாவா யோஆன் (1798–1846). அவர் டச்சுச் சொற்களைப் பகுதி பகுதியாகப் பெயர்த்து அமைத்த கலைச்சொற்கள் இன்றும் பாடநூல்களில் வழங்குகின்றன. ஆனால் ‘சோ’ என்ற ஈறு தனிமங்களோடு நின்றுவிடவில்லை. நொதி ‘கோசோ’, நச்சுப்பொருள் ‘தொகுசோ’, ஊட்டச்சத்து ‘எய்யோசோ’ என்று அது எங்கும் ஒட்டிக்கொண்டது. ஆகவே ஈற்றை மட்டும் பார்த்து, சொல் குறிப்பது தனிமத்தையா, புரதத்தையா, ஒரு பெரும் தொகுதியையா என்று சொல்ல முடியாது.

உடல்நலக் கட்டுரைகளை மொழிபெயர்ப்பவருக்கு முதல் இடர்ப்பாடு ‘சுயிசோ’விலேயே தொடங்குகிறது. அச்சொல் ஹைட்ரஜன் அணுவையும் குறிக்கும், இரண்டு அணுக்கள் இணைந்த மூலக்கூறையும் குறிக்கும். நேர்மின் அயனியைச் சொல்லும்போது மட்டும் ‘இயோன்’ என்ற சொல் பின்னால் சேரும். ‘சுயிசோ-சுயி’ எனப்படும் ஹைட்ரஜன் நீரில் கரைந்திருப்பது மூலக்கூறு வடிவ வாயு. 25 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.6 மில்லிகிராம்தான் கரையும். இதன் அருகிலேயே ‘கஸ்ஸேய் சுயிசோ’, அதாவது ‘செயல்மிகு ஹைட்ரஜன்’, என்ற தொடர் வந்தால் பொருள் மாறிவிடுகிறது. பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும் வேதியியலாளருக்கு அது ஆக்சிஜனுடனோ நைட்ரஜனுடனோ பிணைந்து எளிதில் வினைபுரியும் ஹைட்ரஜன். நீர்க்கருவி விளம்பரம் எழுதுபவருக்கோ நீரில் தனித்துத் திரிவதாகச் சொல்லப்படும் ஹைட்ரஜன் அணு. தனி அணுக்கள் ஒன்றையொன்று சந்தித்த கணமே மூலக்கூறாக இணைந்துவிடும் என்பதால், இரண்டாவது பொருள் அறிவியலில் மிகவும் பலவீனமானது. ஆயினும் மொழிபெயர்ப்பாளர் அதைத் திருத்தி ‘மூலக்கூறு’ என்று எழுதுவது மூலத்துக்கு இல்லாத நேர்மையை அதற்கு வழங்குவதாகும் என்பதே என் கருத்து.

‘கான்கென்’ என்ற சொல் இதைவிடக் குறும்பானது. ‘மூலநிலைக்குத் திரும்புதல்’ என்பது அதன் நேர்ப்பொருள். தாதுவிலிருந்து ஆக்சிஜனை அகற்றினால் உலோகம் மீள்கிறது என்ற பழைய பார்வையே, ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான வினைக்கு, அதாவது பொருள் எலக்ட்ரானைப் பெறும் ‘ஒடுக்க’த்துக்கு, அப்பெயரைத் தந்தது. ஆனால் பழச்சாற்றுப் பெட்டியில் ‘நோஷுகு கான்கென்’ என்று அச்சிட்டிருந்தால் அங்கே எந்த எலக்ட்ரானும் இடம்பெயரவில்லை: சாற்றை நீர்நீக்கிச் செறிவூட்டி, பிறகு நீர் சேர்த்துப் பழைய அடர்த்திக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதே சொல் ‘கான்கென்-சுயி’ என்ற தொடரில் மின்னாற்பகுப்பின்போது எதிர்மின்வாயருகே கிடைக்கும் காரநீரைக் குறிக்கிறது. இதைத் தமிழில் ‘ஒடுக்கப்பட்ட நீர்’ என்றால் வேதியியல் அறியாத வாசகர் நீர்மீது இரக்கப்படுவார்; ‘குறைக்கப்பட்ட நீர்’ என்றால் அளவு குறைந்தது என்று எண்ணுவார். ‘மின்னாற்பகுத்த காரநீர்’ என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு அல்ல. ஆனால் குவளையில் உள்ள பொருளை அது சரியாகச் சொல்கிறது.

பிழையின் விலை உண்மையில் உயர்வது கிருமிநீக்கிகளைப் பற்றிய பகுதியில்தான். குளோரினின் ஆக்சி-அமிலங்கள் (ஆக்சிஜன் கொண்ட அமிலங்கள்) நான்கும் ஜப்பானிய மொழியில் முன்னொட்டுகளால் மட்டுமே வேறுபடுகின்றன. ஆக்சிஜன் மிகக் குறைந்தது ‘ஜிஆ-என்சோ-சான்’, அடுத்தது ‘ஆ-என்சோ-சான்’, பிறகு ‘என்சோ-சான்’, இறுதியாக ‘கா-என்சோ-சான்’. முதலாவதன் பின்னால் ‘சுயி’ சேர்ந்தால் ஹைப்போகுளோரஸ் அமிலநீர். ‘நதோரியமு’ சேர்ந்தால் சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது கடுங்காரத் தன்மையுள்ள வெளுப்பான். 2020-இல் கொரோனாத் தொற்றின்போது பொதுமக்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டதால், இவை வெவ்வேறானவை என்று ஜப்பானிய அமைச்சகங்கள் விளக்க வேண்டியிருந்தது. மேற்பரப்பைத் துடைக்க வெளுப்பானை 0.05 சதவீதமாக, அதாவது 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) அளவுக்கு, நீர்க்க வேண்டும் என்றும், அமிலநீர் என்றால் 80 பிபிஎம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்றும் அறிவுரை தரப்பட்டது. இரண்டையும் ‘ஹைப்போகுளோரைட்’ என்று ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டால் இந்த எண்கள் ஒன்றோடொன்று மோதும். அதைவிட மோசமாக, வெளுப்பானோடு அமிலம் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும் என்ற எச்சரிக்கை எதைப் பற்றியது என்பதே வாசகருக்குப் புரியாமல் போகும்.

உணவுச் சிட்டைகளில் உள்ள குழப்பம் இந்த அளவுக்கு ஆபத்தானதல்ல, ஆனால் அடிக்கடி வரும். அங்கே உப்பின் அளவு ‘ஷொகுஎன் சோதோ-ரியோ’, அதாவது ‘உப்புக்கு நிகரான அளவு’, என்று தரப்படுகிறது. சோடியத்தின் எடையை 2.54 ஆல் பெருக்கினால் கிடைக்கும் எண் அது. 400 மில்லிகிராம் சோடியம் ஏறத்தாழ 1 கிராம் உப்பாகிறது. சோடியம் சமையல் உப்பிலிருந்து வந்ததா, சமையல் சோடாவிலிருந்து வந்ததா என்று இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. ஆகவே அதை ‘சேர்த்த உப்பு’ என்று பெயர்ப்பதும் தவறு, ‘சோடியம்’ என்று பெயர்ப்பது அதனினும் பெரிய தவறு. ‘தோஷிட்சு’ என்பது மொத்தக் கார்போஹைட்ரேட்டிலிருந்து நார்ச்சத்தைக் கழித்த மீதி, ‘தோருயி’ என்பது அதற்குள் அடங்கும் ஒற்றைச் சர்க்கரைகளும் இரட்டைச் சர்க்கரைகளும் மட்டும். இரண்டுக்கும் ‘சர்க்கரை’ என்று எழுதினால், தோருயி இல்லை என்று அறிவிக்கும் பானத்தில் மாவுச்சத்து இருக்கலாம் என்பது மறைந்துவிடும்.

இவ்விடங்களில் அகராதியைவிட அலகே நம்பகமான துணை. ஜப்பானிய ரத்தப் பரிசோதனைத் தாளில் ‘குரோரு’ என்ற சொல் வரும். ஜெர்மன் மொழியிலிருந்து மருத்துவத்துக்குள் வந்த குளோரின் பெயர் அது, ஆனால் ரத்தத்தில் அளக்கப்படுவது குளோரின் அல்ல, குளோரைடு அயனி. அதே எழுத்துகளில் எழுதப்படும் ‘குரோரு’ ஆங்கிலத்திலிருந்து வந்த ஒரு நீச்சல் முறையின் பெயரும்கூட. அருகில் 101 முதல் 108 வரை, லிட்டருக்கு மில்லிமோல் என்று இருந்தால் அது குளோரைடு. 100 மீட்டர் என்று இருந்தால் கட்டுரை உடற்பயிற்சிக்குத் தாவிவிட்டது.