சுட்டு முடித்த பித்தளைக் கூடு ஏன் மறுபடி உதவுகிறது?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் பயிற்சித் திடல்களில், சுட்டு முடித்தவர்கள் பெஞ்சுக்கு அடியில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சுட்ட தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கூடுகளைத்தான் பொறுக்குகிறார்கள். டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், சுத்தம் செய்து, மறுபடி வெடிமருந்து நிரப்பித் தோட்டாவாக்கிக்கொள்வார்கள். இதற்கு ரீலோடிங் என்று பெயர். கைச்செலவைக் குறைக்க விரும்பும் வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்களும் அங்கே தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை இது.

சட்டம் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப உரிமம் தேவையில்லை. தொழிலாகச் செய்து விற்பதற்குத்தான் தேவை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இதை யாரும் வீட்டில் செய்து பார்ப்பதற்கான பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஆர்வம் அந்தப் பித்தளையின் மேல்தான்.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. முனையில் குண்டு, உள்ளே மருந்து, அடியில் பிரைமர் என்ற சின்ன வெடிக்கிண்ணம், இவை மூன்றையும் பிடித்து வைத்திருக்கும் கூடு. சுட்டவுடன் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, பிரைமர் ஒரே அடியில் தீர்ந்துவிடுகிறது. கூடு மட்டும் மிஞ்சுகிறது. நான்கில் பெரும்பாலும் விலை அதிகமானது அதுதான். சிக்கனத்தின் கணக்கு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

சரி, அவ்வளவு பெரிய வெடிப்பைத் தாங்கிய பிறகும் அந்த மெல்லிய உலோகம் எப்படி உருப்படியாக மிஞ்சுகிறது?

நம் வீட்டு பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் வகைக் குக்கரில், ஆவி ஏற ஏற மூடி விளிம்போடு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அழுத்தம்தான் அங்கே பூட்டு. தோட்டாக்கூடும் இதையே செய்கிறது. மருந்து பற்றியதும் கூட்டின் மெல்லிய சுவர் விரிந்து, துப்பாக்கியின் எஃகு அறையோடு ஒட்டி, வாயு பின்பக்கம் வராமல் அடைத்துவிடுகிறது. குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே கூடுதலாக இருப்பது சுமார் 15 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகு) அழுத்தம். வேட்டைக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப் போல ஏறக்குறைய 1,900 மடங்கு. இவ்வளவும் ஒன்றிரண்டு மில்லி விநாடியில் ஏறி இறங்கிவிடும்.

அந்த அழுத்தத்தைக் கூடு தனியாகத் தாங்குவதில்லை. தாங்குவது சுற்றியுள்ள எஃகு. கூடு வெறும் கேஸ்கெட். ஆனால் கேஸ்கெட் ஒட்டிக்கொண்டால் மட்டும் போதாது, உடனே விடவும் வேண்டும். விடாவிட்டால் அடுத்த தோட்டாவை உள்ளே போட முடியாது. பித்தளை இங்கேதான் தன் அருமையைக் காட்டுகிறது. 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த இந்த வகைக்கு 'தோட்டாப் பித்தளை' என்றே பெயர். அது எஃகைவிடச் சுமார் இரண்டு மடங்கு எளிதாக வளைந்துகொடுக்கும். அழுத்தம் போனதும் எஃகு அறை தன் பழைய அளவுக்குத் திரும்புகிறது. கூடு அதைவிட ஒரு மயிரிழை அதிகமாகச் சுருங்கி நழுவி வருகிறது. அப்படி வரும் கூடு, புதிதாக இருந்ததைவிடக் கொஞ்சம் பருத்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அதைப் பழைய அளவுக்கு நெருக்கி எடுத்துவிட்டால் மறுபடி பயன்படும்.

அந்த நெருக்கும் வேலையைச் செய்வது 'டை' என்ற கெட்டியான அச்சு. கூட்டை அதற்குள் அழுத்தினால் உடம்பு பழைய அளவுக்கு வரும். நடுவில் உள்ள ஊசி, செத்த பிரைமரைக் கீழே தள்ளிவிடும். பிறகு புதுப் பிரைமரை அழுத்தி, மருந்தை அளந்து கொட்டி, குண்டை வாயில் பொருத்தினால் வேலை முடிந்தது.

பிரைமரை இவ்வளவு லேசாகத் தள்ள முடிவதற்குக் காரணம் ஒரு பழைய வடிவமைப்பு. 1860களில் இரண்டு பேர் தனித்தனியாகப் பிரைமர் வடிவமைத்தார்கள். ஆங்கிலேயரான எட்வர்டு பாக்ஸரின் முறையில் கூட்டின் அடியில் நடுவாக ஒரே துளை; ஊசி நேராக இறங்கிப் பிரைமரைத் தள்ளிவிடும். அமெரிக்கரான ஹைரம் பெர்டனின் முறையில் நடுவில் ஒரு மேடு, ஓரமாகச் சிறு துளைகள். ஊசிக்கு வழியே இல்லை. கடைசியில் ஆங்கிலேயர் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கர் முறை ஐரோப்பாவிலும் பரவின. வீட்டில் நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் இவ்வளவு பரவியதில் அந்த ஒற்றைத் துளைக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

பித்தளையின் பலவீனமும் இதே நெளிவில்தான் இருக்கிறது. பித்தளைக் குடம் அடிக்கும் கன்னார், கொஞ்ச நேரம் தட்டியதும் குடத்தை உலையில் காட்டி எடுப்பார். காட்டாமல் தட்டிக்கொண்டே போனால் உலோகம் விறைத்துப்போய் வெடித்துவிடும். தோட்டாக்கூட்டிலும் அப்படித்தான். சுடும்போது ஒரு விரிப்பு, அச்சில் ஒரு நெருக்கல். ஒவ்வொரு சுற்றிலும் கழுத்துப் பகுதி கொஞ்சம் கொஞ்சமாக விறைக்கிறது. கடைசியில் கழுத்தில் நீளவாக்கில் கீறல் விடும். இதைத் தள்ளிப்போட, கழுத்தை மட்டும் சில விநாடி தீயில் காட்டி இளக்குவார்கள். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலமும் மஞ்சளுமான சாயல் அந்தச் சூட்டின் அடையாளம். ஆனால் அடிப்பகுதி விறைப்பாகவே இருக்க வேண்டும். சூடு அங்கே போய் அதுவும் இளகிவிட்டால், அடுத்த முறை சுடும்போது கூடு பின்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

பித்தளைக்கு இன்னொரு எதிரி உண்டு. அதன் கதை நம் மண்ணோடு சம்பந்தப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் சேமித்து வைத்த தோட்டாக்களை, மழை ஓய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால், யாரும் தொடாமலேயே கூடுகளில் விரிசல் விட்டிருந்தது. பருவத்தோடு வந்ததால் 'பருவ விரிசல்' என்றே பெயர் வைத்தார்கள். காரணம் தெளிவாகத் தெரிந்தது 1921இல். மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் விளக்கினார்கள். தோட்டாக்களை வைத்திருந்தது குதிரை லாயங்களில். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா மழை ஈரத்தில் கரைந்து பித்தளையில் உள்ள செம்பை அரிக்கிறது. கூட்டை இழுத்து நீட்டிச் செய்தபோது உள்ளேயே தங்கிவிட்ட இறுக்கம், அரித்த இடத்தைப் பிளந்துவிடுகிறது. அம்மோனியாவும் ஈரமும் உள்ளிறுக்கமும் கூடினால்தான் விரிசல். செய்து முடித்த கூட்டை மிதமாகச் சூடாக்கினால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். தொழிற்சாலைகள் அதைத்தான் செய்தன. இன்றைக்கும் அனுபவமுள்ளவர்கள் அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷைக் கூட்டின் பக்கமே கொண்டுபோக மாட்டார்கள்.

பாதரசமும் இப்படித்தான் கெடுத்தது. பழைய பிரைமர்களில் பாதரசச் சேர்மம் இருந்தது. சுட்டதும் வெளிப்படும் பாதரசம் பித்தளையோடு கலந்து அதை அப்பளம் போல நொறுங்க வைத்துவிடும். கூட்டை மறுபடி நிரப்ப வேண்டும் என்பதற்காகவே அமெரிக்க ராணுவம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாதரசம் இல்லாத பிரைமருக்கு மாறியது.

குறைந்த பணத்தில் தொடங்குபவர் எதை வாங்குகிறார்? மிக மலிவான வழி, ரிச்சர்டு லீ என்பவர் 1958இல் விஸ்கான்சின் மாநிலத்தில் தன் வீட்டுப் பட்டறையில் தொடங்கிய தொழிலிலிருந்து வந்தது. 'லீ லோடர்' என்ற அந்தப் பெட்டியில் கையடக்கமான அச்சும் சில குச்சிகளும் மருந்து அள்ள ஒரு கரண்டியும் இருக்கும். மேசையில் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டியே எல்லாம் நடக்கும். ரைஃபிள் தோட்டாவில் இது கழுத்தை மட்டுமே நெருக்கும், உடம்பைத் தொடாது. ஆகவே கூடு எந்தத் துப்பாக்கியில் சுட்டதோ அதற்கே பொருந்தும். உடம்பு அசைவதில்லை என்பதால் பித்தளைக்கு உழைப்பும் குறைவு. அடுத்த படி, கூட்டை அச்சுக்குள் அழுத்தும், ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் கைப்பிடி பிரஸ். பழையது வாங்கினாலும் கவலையில்லை. வார்ப்பிரும்பில் செய்ததாக இருந்தால் லேசில் தேயாது. கூடுகளைக் கழுவ எலுமிச்சை அமிலப் பொடி கலந்த வெந்நீர் போதும். நாம் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதும் இதே வேதியியல்தான்: மென்மையான அமிலம் மேல் களிம்பைக் கரைக்கும், உலோகத்தை விட்டுவிடும். நேரம் மீறி ஊறவிட்டால் துத்தநாகம் கரைந்து பித்தளை இளஞ்சிவப்பாகிவிடும்.

தராசிலும் மருந்தளவு அட்டவணைப் புத்தகத்திலும் மட்டும் சிக்கனம் பிடிக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. மருந்தை அளக்கும் அலகு 'கிரெய்ன்'. ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம். நம் பொற்கொல்லர்கள் எடைக்கல்லாக வைத்த குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் இருக்கும். ரீலோடிங் தராசு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கைக் காட்ட வேண்டும், அதாவது குன்றிமணியை இருபதாக உடைத்தால் வரும் ஒரு துணுக்கை. மலிவான மின்தராசு, அறைச் சூடு மாறினாலே தடுமாறும். பாட்டரியே இல்லாத கோல்தராசு, பூமியின் ஈர்ப்பை மட்டும் நம்பி, பத்தாண்டுகளானாலும் அதே எடையைக் காட்டும்.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்றால், புகையில்லா மருந்தின் குணம் அப்படி. 1884இல் பிரான்சின் போல் வியேய் உருவாக்கிய இந்த வகை மருந்து (நம் நீலகிரியின் அருவங்காடு தொழிற்சாலை தயாரிப்பதும் இந்தக் குடும்பத்து உந்துமருந்துகளைத்தான்) திறந்த இடத்தில் வைத்துப் பற்றவைத்தால் சர்ரென்று எரிந்து அடங்கிவிடும். அடைத்த இடத்தில் கதை வேறு. அழுத்தம் ஏறினால் அது வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். ஒன்றை ஒன்று தூக்கிவிடுவதால், மருந்து கொஞ்சம் கூடினாலும் அழுத்தம் அதைவிடப் பல படி கூடும். ஆகவே மருந்து நிறுவனங்கள் சோதித்து வெளியிட்ட அட்டவணை இல்லாமல் யாரும் ஒரு துளி கொட்டுவதில்லை. அட்டவணையில் உள்ள தொடக்க அளவில் ஆரம்பித்து மெதுவாகத்தான் ஏறுவார்கள்.

புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவைத்தான் பலரும் முதலில் எடுப்பார்கள். உச்ச அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ மட்டுமே, கூடு நேரானது, பித்தளை மிக நீண்ட காலம் உழைக்கும். ஆனால் அந்தக் கூடு கரிமருந்துக் (புகை கக்கும் பழைய கறுப்பு வெடிமருந்து) காலத்து அளவில் செய்தது. கரிமருந்து நிறைய வேண்டும். இன்றைய மருந்து அடியில் கொஞ்சம் கிடந்தாலே போதும். கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு முறை கொட்டிவிட்டாலும் அது வழியாது, வெளியே தெரியாது. சுடும்போது துப்பாக்கியே பிளந்துவிடலாம். ஆகவே மருந்து போட்ட கூடுகளை வரிசையாகக் கட்டையில் நிறுத்தி, குண்டு பொருத்தும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்ப்பார்கள். மேசை மேல் ஒரே ஒரு மருந்து டப்பா. பேச்சு இல்லை, தொலைக்காட்சி இல்லை. அப்புறம், பிரைமரிலும் குண்டிலும் ஈயம் இருப்பதால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைப்பதில்லை.

அழுத்தம் அதிகமான ரைஃபிள் கூடுகளுக்கு ஆயுள் குறைவு. ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு கொஞ்சம் நீள்கிறது. அந்த நீளத்துக்கான உலோகம் அடிப்பகுதிக்குச் சற்று மேலே உள்ள சுவரிலிருந்து வருகிறது. அங்கே உள்பக்கம் ஒரு வளையம் மெலிந்துகொண்டே போகும், வெளியே மங்கலான கோடாகத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, கூட்டுக்குள் விட்டுச் சுவரோடு மேலே இழுக்க வேண்டும். நல்ல கூட்டில் கொக்கி வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில் ஓரிடத்தில் சின்னதாகத் தட்டும். தட்டினால் அந்தக் கூட்டின் வாயைக் குறடால் நசுக்கி, வேறு யாரும் எடுத்து நிரப்ப முடியாதபடி, பழைய பித்தளை வாளியில் போட்டுவிடுவார்கள். வாளி நிறைந்ததும் எடைக்குப் போகும், மறுபடி உருகுவதற்கு.