வரிவிலக்கு: வீடு கட்டுறவங்களுக்கு வரியை விட்டுக்கொடுக்கிறதுக்குத் தமிழ்ல என்ன பேரு?

வரிவிலக்குன்னு ஒரே சொல்லை வச்சுக்கிட்டு நாம நாலஞ்சு விஷயத்தை சொல்லிட்டிருக்கோம். கோயில் கட்டடத்துக்கு வரி இல்லைங்கிறதும் வரிவிலக்கு, அரையாண்டு தொடங்குன முதல் மாசத்துலயே சொத்து வரி கட்டுனா 5 சதவீதம் குறைக்கிறாங்களே அதுவும் பலர் வாயில வரிவிலக்கு, வெளிநாட்டு நகரங்கள்ல புதுசா வீடு கட்டுனா பத்து வருஷம் வரி கேக்காம விடுறதும் பேப்பர்ல வரிவிலக்குதான். காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆனதுக்கப்புறம் எங்க பக்கம் வரிப் பேச்சு ரொம்ப கூடிப்போச்சு, அதனால இதையெல்லாம் பிரிச்சுப் புரிஞ்சுக்கணும்.

இங்கிலீஷ்ல இதுக்கெல்லாம் தனித்தனி சொல் இருக்கு. எக்ஸெம்ப்ஷன் லத்தீன் வழிச்சொல், வெளிய எடுத்துர்றதுன்னு மூலப் பொருள். அதுக்கு விலக்கு கச்சிதமா பொருந்துது. அபேட்மெண்ட் பழைய பிரெஞ்சுல இருந்து வந்தது, அடிச்சு இறக்குறது, அதாவது வரி இருக்கும் ஆனா குறைவா இருக்கும், அதை வரித்தணிப்புன்னு சொல்லலாம். ரிபேட், அதாவது கட்டுற தொகையில கொஞ்சம் கழிச்சுக் கொடுக்கிறது, அதுக்கு கழிவு போதும். ரெமிஷன், அதாவது போட்ட வரியைத் தள்ளுபடி பண்றது, அதுக்கு ரெவின்யூ ஆபீஸ்ல ரொம்ப நாளா புழங்குற சொல் வஜா, அரபு வழியா வந்தது.

ஆனா இதுக்கெல்லாம் முந்தியே நம்மகிட்ட சொந்தமா ஒரு சொல் இருந்துச்சு, இறையிலி. இறைன்னா வரி, இலின்னா இல்லாதது. சோழர் கல்வெட்டுல கோயிலுக்கு தேவதானம், சமண பௌத்தப் பள்ளிகளுக்கு பள்ளிச்சந்தம்னு கொடுத்த நிலங்களை இறையிலியா ஆக்குனதை எவ்வளவோ இடத்துல பாக்கலாம், வீட்டு மனைக்கு உண்டான வரிக்கும் மனையிறைன்னு பேரு இருந்துச்சு. இதுல என்னை ரொம்ப யோசிக்க வச்ச சங்கதி ஒண்ணு உண்டு, ஒரு நிலத்தை ஊர்ச்சபை இறையிலி ஆக்குனா ராஜாவுக்குப் போற வரி நின்னுராது, சபை இறைத்திரவியம்னு ஒரு தொகையை முன்னாடியே வாங்கி வச்சுக்கிட்டு அந்த வரியை தானே கட்டும். ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்த வரியை இன்னொருத்தர் சுமக்கணும்ங்கிறதை அவங்க கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்க. இன்னொண்ணு, அந்த இறையிலி சந்திராதித்தவல், சந்திரனும் சூரியனும் இருக்கிற வரைக்கும். இன்னைக்கு வீடு கட்டுறவங்களுக்குக் கொடுக்கிறதுக்கு இறையிலின்னு பேரு வைக்க முடியாததுக்கு இதுதான் காரணம், இது கெடு உள்ளது.

நியூயார்க்ல 1921ல, முதல் உலகப்போருக்கு அப்புறம் வந்த வீட்டுப் பஞ்சத்துல, புதுசா கட்டுற வீட்டுக்கு சில வருஷம் வரி இல்லைன்னாங்க, நிலத்துக்கு மட்டும் வரி. அதே ஊர்ல 1971ல 421-a ங்கிற பேர்ல திரும்ப ஒரு வரிச் சலுகை வந்துச்சு, ஜனங்க ஊரை விட்டுப் போயிட்டிருந்த நேரம், எதையாவது கட்டுங்கப்பான்னு கொடுத்தது. நாளாக நாளாக பணக்காரங்க அடுக்குமாடிக்கும் அது போக ஆரம்பிச்சு, அப்புறம் ஏழைங்களுக்கும் சில வீடு ஒதுக்கணும்னு நிபந்தனை மேல நிபந்தனை சேத்தாங்க, 2022ல காலாவதி ஆகுற சமயத்துல நகரத்துக்கு வருஷம் 170 கோடி டாலருக்கு மேல வரி வராம இருந்துச்சு. பிலடெல்பியாவுல 2000த்துல இருந்து புதுக் கட்டடத்துக்கு பத்து வருஷம் முழு விலக்கு இருந்துச்சு, 2022ல வீடுகளுக்கு அதை மாத்தி முதல் வருஷம் முழுசா, அப்புறம் வருஷா வருஷம் குறையுற மாதிரி வச்சுட்டாங்க. ஆக முதல்ல விலக்கா இருந்தது அங்க தணிப்பா ஆயிருச்சு, சொல்லும் மாறத்தானே வேணும்.

நம்ம பக்கம் வீடு இல்லாத குறை கிடையாது, இருக்கிற வீடு பூட்டிக் கிடக்குது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை எங்க போனாலும் முகப்பு, நடு முற்றத்தோட வளவு, இரண்டாங்கட்டுன்னு தெருவுக்குத் தெரு நீளுற வீடு, பங்காளிங்க பல ஊர்ல, ஓடு சரிஞ்சு மழைத்தண்ணி இறங்கி பர்மா தேக்குத் தூணெல்லாம் உளுத்துப்போகுது, சில வீட்டைப் பிரிச்சு கதவு நிலையெல்லாம் காரைக்குடி பழம்பொருள் கடைக்கு வந்துருது. 2022 ஏப்ரல் வரி உயர்வுல 1800 சதுர அடிக்கு மேல உள்ள குடியிருப்புக்கு நம்ம மாதிரி ஊர்கள்ல 100 சதவீதம் ஏறுச்சு, வளவு வீடெல்லாம் அந்தக் கணக்குலதான் வரும். இன்னொரு பக்கம் 1920 வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்துல, ஆள் இல்லாம காலியா கிடந்த வீட்டுக்கு வரியில ஒரு பங்கு கழிச்சுக் கொடுக்க வழி இருந்துச்சு. பூட்டுனவருக்கு கழிவு, ஓடு மாத்தி ஆள் குடி வச்சவருக்கு ஒண்ணும் இல்லை, இது எனக்கு சுத்தமா ஒப்பலை.

அதனால என் கட்சி இது. நிரந்தரமா வரி வரம்புக்கு வெளிய நிறுத்துறதுக்கு மட்டும் வரிவிலக்கு. இத்தனை வருஷம், இன்னது செஞ்சாத்தான்னு கொடுக்கிறதுக்கு எழுத்துல காலவரை வரிவிலக்கு, பேச்சுல கெடு போட்ட விலக்குன்னாலும் எங்க ஊர்ல எல்லாருக்கும் விளங்கும். பாதியோ காலோ குறைக்கிறதுக்கு வரித்தணிப்பு. வரியைக் குறைக்கச் சொல்லி மனு எழுதுறவங்க இதுல எது வேணும்னு கேட்டு எழுதுங்க, கூடவே எத்தனை வருஷம், பதிலுக்கு வீட்டுல என்ன செய்யப்போறோம், அந்த வருஷங்கள்ல ஊர் ரோட்டுக்கும் சாக்கடைக்கும் வேண்டிய பணம் எங்க இருந்து வரும்ங்கிறதையும் சேத்து எழுதுங்க.