டீரெகுலேஷன் – வரம்புநீக்கம்

லத்தீனில் 'ரெகுலா' என்றால் நேரான கோல். கோடு போடவும் அளவு பார்க்கவும் உதவும் குச்சி. அதுவே விதி என்ற பொருளுக்கு வளர்ந்து ஆங்கிலத்தில் 'ரெகுலேஷன்' ஆனது. நம்மிடமும் இதே வழிதான்: வளையாத கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். 'டீ' முன்னால் சேர்ந்தால், கோலை எடுத்துவிடுவது.

இதைத் 'தாராளமயம்' என்று எழுதுவது பிழை. அது லிபரலைசேஷனுக்கு உரியது. தாராளம் என்றதுமே மனத்தில் நல்லெண்ணமும் வந்துவிடுகிறது. 'கட்டுப்பாடு நீக்கம்' பெட்ரோல் விலைக்குப் பொருந்தும், வங்கிக்குப் போதாது. 1980இல் அமெரிக்க வங்கிச் சட்டம் ஒன்றின் பெயரிலேயே 'டீரெகுலேஷன்' என்ற சொல் ஏறியது. அதன் பிறகு நடந்ததைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அங்கே சேமிப்பு, கடன் சங்கங்கள் மக்களிடம் வைப்பு வாங்கி, 30 ஆண்டுக்கு மாறாத வட்டியில் வீட்டுக்கடன் கொடுத்தன. வைப்புக்குத் தரும் வட்டிக்கு அரசு உச்சவரம்பு வைத்திருந்தது. 1970களின் இறுதியில் விலைவாசியும் வட்டியும் ஏற, மக்கள் பணத்தை எடுத்துக்கொண்டு வேறிடம் போனார்கள். 1980 சட்டம் அந்த உச்சவரம்பைப் படிப்படியாக நீக்க வழி செய்தது. கூடவே, சங்கம் மூழ்கினாலும் வைப்பாளருக்குப் பணம் கிடைக்க அரசு தரும் வைப்புக் காப்பீட்டை 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராக உயர்த்தியது. 1982 சட்டம் வணிகக் கட்டடங்களுக்கும் தாராளமாகக் கடன் கொடுக்க விட்டது. இந்தச் சேர்க்கைதான் நஞ்சு. கட்டடம் விலை ஏறினால் லாபம் முதலாளிக்கு. இறங்கினால் வைப்பாளருக்குப் பணம் தருவது காப்பீடு. ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருந்த சங்கம் சூதாட ஏன் தயங்கும்? 1986 முதல் 1995 வரை 1,043 சங்கங்கள் வீழ்ந்தன. வரி கட்டியவர்கள் தலையில் விழுந்தது சுமார் 12,400 கோடி டாலர்.

சந்தை தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்பார்கள். தோற்றவன் தன் நட்டத்தைத் தானே சுமந்தால்தான் அந்தத் திருத்தம் நடக்கும். வங்கியின் நட்டம் அடுத்தவர் வயலில் போய்த் தேங்குகிறது.

அதனால்தான் 'வரம்புநீக்கம்' என்கிறேன். வரம்பு என்பது எல்லை. வயல் வரப்பும் அதே சொல்லின் இன்னொரு வடிவம். உழவனைத் தடுக்க மட்டும் போட்டதல்ல வரப்பு, ஒருவர் நீர் மற்றவர் பயிரை மூழ்கடிக்காமல் காப்பதும் அதுதான். 'கட்டுப்பாடு' என்னும்போது இந்தக் காவல் விட்டுப்போகிறது.

2008 நிதி நெருக்கடிக்கு, வைப்பு வங்கியையும் முதலீட்டு வங்கியையும் பிரித்த 1933ஆம் ஆண்டின் கிளாஸ்–ஸ்டீகல் வரம்பு 1999இல் கலைக்கப்பட்டதையே பலரும் காரணம் சொல்வார்கள். எனக்கு 2000 டிசம்பர் சட்டமே பெரிதாகப் படுகிறது. நிறுவனங்கள் தமக்குள் நேரடியாகச் செய்துகொண்ட டெரிவேட்டிவ் (வேறொன்றின் விலையையோ நிலையையோ சார்ந்து மதிப்பு மாறும்) ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றை அது கண்காணிப்புக்கு வெளியே நிறுத்தியது. அத்தகைய ஒப்பந்தங்களில் சிக்கிய ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு, லீமன் என்ற முதலீட்டு வங்கி வீழ்ந்த மறுநாளே அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் வரம்பு திறந்துவிட நேர்ந்தது.

விதியை எடுத்துவிடாமல் குறைத்தால் 'வரம்புத் தளர்வு' என்க. 2018இல் கடும் கண்காணிப்புக்கு உரிய வங்கியின் சொத்து அளவை 5,000 கோடி டாலரிலிருந்து 25,000 கோடி டாலராக அமெரிக்கா உயர்த்தியது தளர்வு. 2023 மார்ச்சில் மூழ்கிய சிலிகான் வேலி வங்கியின் சொத்து அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருந்தது.