கோவையில் எழும் புகை, துவாஸில் வைக்கும் கணக்கு

சிங்கப்பூரின் தொழிற்பகுதியான துவாஸில் பம்பு பொருத்தி விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் கரிமக் கணக்கை, அதாவது அதன் தொழிலால் எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்ற கணக்கை, சரிபார்க்கச் சென்றிருந்தேன். மின்சாரம், டீசல், இரண்டு லாரி. அவ்வளவுதான் பட்டியல். "நம்முடையது சுத்தமான தொழில் அக்கா" என்றார் உரிமையாளர். அவருடைய பம்புகளின் இரும்பு உடல் அத்தனையும் கோயம்புத்தூரில் வார்க்கப்பட்டு வருகிறது. அங்கே இரும்பை உருக்கச் செலவான மின்சாரத்துக்கு அவர் ஏட்டில் ஒரு வரிகூட இல்லை.

அவர் எதையும் மறைக்கவில்லை. நாடுகளின் கணக்கே இப்படித்தான்: உமிழ்வு எந்த மண்ணில் எழுகிறதோ, அந்த நாட்டின் பெயரில் எழுதப்படும். 2026 முதல் டன்னுக்கு 45 வெள்ளியாகும் நம் கரிம வரியும் இங்கேயே ஆண்டுக்கு 25,000 டன்னுக்குக் குறையாமல் வெளியிடும் ஆலைகளுக்குத்தான். அனைத்துலகக் கப்பல்களுக்கு நாம் நிரப்பும் எரிபொருள் 2024இல் ஏறத்தாழ 55 மில்லியன் டன். அதன் புகையும் எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராமல் தனிக் குறிப்பாக நிற்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் எஃகு, சிமெண்ட், அலுமினியம் போன்ற இறக்குமதிகளுக்கு எல்லையிலேயே கரிம விலை வைக்கிறது. எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. அந்தப் பணம் ஐரோப்பாவுக்கே போகிறது. உலையை மாற்ற வேண்டியவர் கைக்கு நேராக வருவதில்லை.

நம் பம்புக்காரர் தன் சரக்கை வார்க்க எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்று கேட்டு, கோவைக்கு நீண்டதொரு படிவம் அனுப்பி, இரண்டு வாரக் கெடு வைத்தார். வார்ப்பாலை உரிமையாளர் தொலைபேசியில் சொன்னார்: "ஆலைக்கே ஒரு மீட்டர்தான் மேடம். உங்கள் சரக்குக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பேன்?" நியாயமான கேள்வி. உலைக்குத் தனி மீட்டர் பொருத்தும் செலவை வாங்குபவரே ஏற்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். பம்புக்காரர் தயங்கித்தான் சம்மதித்தார்.

மீட்டர் வந்த பிறகு தெரிந்ததுதான் முக்கியம். உருக்குவதற்கு ஆகும் மின்சாரம் ஒரு பக்கம் இருக்க, உருகிய இரும்பை ஆறவிடாமல் காத்து வைப்பதற்கே நிறையச் செலவாகிக்கொண்டிருந்தது. காரணம், துவாஸிலிருந்து அவசரமாக, பத்தும் இருபதுமாகப் போன ஆர்டர்கள். ஒவ்வொரு முறையும் அச்சு மாற்றி முடியும்வரை உலை காத்திருந்தது. உலை அவருடையது, அவசரம் நம்முடையது. அந்தப் புகையை ஒருவர் தலையில் மட்டும் எப்படிக் கட்டுவது?

இப்போது மாதத்துக்கு ஒரே ஆர்டர்தான் போகிறது. துவாஸ் ஏட்டில் கோவை உலைக்கென்று தனியாக ஒரு வரி இருக்கிறது.